கண்டு காட்ட ஒருவர்

பாடம் சொல்கிறவருக்கு நான் இருப்பதே தெரியாது. ஆனாலும் அவர் சொல்வது எனக்குப் புரிகிறது. இதைக் கற்றல் என்று சொல்லலாமா? சொல்லலாம் என்றால் ஆசிரியர் என்று ஒருவர் எதற்கு? பள்ளிப் பிள்ளைகளுக்கான இணையவழிப் பாடங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் செலவு, வசதி, வேகம் என்றே பேசுகிறோம். எனக்கு அது முதலில் ஒரு சமயக் கேள்வி. அறிவு ஓர் உயிருக்குள் எப்படி விளங்குகிறது, அதற்கு இன்னொருவர் துணை வேண்டுமா என்பதைச் சைவ சித்தாந்திகள் எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். அவர்கள் கண்ட விடை இன்றைய வகுப்பறைக்கும் கைப்பேசிக்கும் பொருந்துகிறது என்பது என் நம்பிக்கை.

நான் கும்பகோணம் வட்டாரத்தில் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆசிரியை. திருவாவடுதுறை ஆதீனம் ஊர் ஊராக நடத்தும் சைவ சித்தாந்த நேர்முகப் பயிற்சி வகுப்புக்கு மாதந்தோறும் போய்வந்தவள். அங்கே பாடம் சொன்ன பெரியவர் ஒரு சூத்திரத்தை விளக்கியதும் எங்கள் முகங்களை வரிசையாகப் பார்ப்பார். யார் முகத்திலாவது தெளிவில்லை என்றால் அடுத்த வரிக்குப் போகமாட்டார். "உங்களுக்கு எங்கே இடறுதும்மா?" என்று அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்பார். மெய்கண்டாரின் சிவஞானபோதத்தில் பன்னிரண்டே சூத்திரங்கள். பதினோராம் சூத்திரத்திற்கு வந்தபோது, நான் தினமும் செய்யும் வேலைக்கே அங்கே இலக்கணம் எழுதியிருப்பதாகத் தோன்றியது.

அந்தச் சூத்திரம் கண்ணை எடுத்துக்கொண்டு பேசுகிறது. கண்ணுக்குப் பார்க்கும் ஆற்றல் உண்டு. ஆனால் அது தானாகப் பார்ப்பதில்லை. உயிர் அதனோடு சேர்ந்து நிற்க வேண்டும். மனம் வேறெங்கோ இருக்கும்போது, திறந்த கண்ணுக்கு எதிரே நடந்து போகிறவரும் தெரிவதில்லை. கண்ணைக் காணவைக்கிற உயிர், கண்ணுக்குக் காட்டுவதோடு நிற்பதில்லை. கண்ணோடு கூடி நின்று தானும் காண்கிறது. இறைவனும் உயிருக்கு அப்படித்தான் உதவுகிறான் என்பது சித்தாந்தம். அவன் அறிவிப்பதோடு ஒதுங்கிவிடுவதில்லை. உயிரோடு உடனாக நின்று, அது காண்பதைத் தானும் காண்கிறான். உரைகாரர்கள் முதலாவதைக் காட்டும் உபகாரம் என்றும் இரண்டாவதைக் காணும் உபகாரம் என்றும் பிரித்துச் சொல்வார்கள்.

ஆசிரியரும் இந்த இரண்டு உதவிகளைத்தான் செய்கிறார். முதலாவதை இணையம் இன்று எங்களைவிடச் சிறப்பாகச் செய்கிறது. இரண்டாவதை அது செய்வதில்லை. அதன் வாக்குறுதியும் எல்லையும் இந்த ஒரு கோட்டில்தான் பிரிகின்றன.

வாக்குறுதியை முதலில் முழு மனதோடு சொல்லிவிடுகிறேன். 2011ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் செபாஸ்டியன் த்ரூனும் பீட்டர் நார்விக்கும் செயற்கை நுண்ணறிவு பற்றிய தங்கள் பாடத்தை இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். ஏறத்தாழ 1,60,000 பேர் சேர்ந்தார்கள். மறு ஆண்டே கோர்செரா என்ற இணையவழிப் பாடத் தளம் வந்தது, எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் சேர்ந்து எட்எக்ஸைத் தொடங்கின. அந்த வரிசையில் எம்.ஐ.டி. தந்த முதல் பாடம் மின்சுற்றுகளையும் மின்னணுவியலையும் பற்றியது. அதை முன்னின்று நடத்திய அனந்த் அகர்வால் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். இந்தியாவில் ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் நிறுவனமும் 2003 முதலே என்பிடெல் என்ற திட்டத்தின் வழியாக விரிவுரைகளைப் பொதுவில் வைக்கும் வேலையைத் தொடங்கியிருந்தன. 2017 ஜூலையில் ஸ்வயம் தளம் வந்தது. அதில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பாடங்களுக்கும் இடம் உண்டு. தமிழ்நாட்டில் 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. எங்கள் பாடப்புத்தகத்தின் பக்க ஓரத்தில் இருக்கும் கியூஆர் கோடைக் கைப்பேசியில் காட்டினால் அந்தப் பாடத்துக்கான காணொளி வந்து நிற்கிறது.

இதன் அருமை, இயற்பியலுக்கு ஆசிரியர் இல்லாமல் ஓர் ஆண்டு முழுவதும் ஓடிய பள்ளியில் படித்த பிள்ளைக்குத்தான் தெரியும். அதைவிடப் பெரிய நன்மை ஒன்றும் உண்டு. அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. காணொளியிடம் பிள்ளைகளுக்கு வெட்கம் இல்லை. வகுப்பில் "மறுபடி சொல்லுங்க மிஸ்" என்று ஒரு முறை கேட்கலாம், இரண்டு முறை கேட்கலாம். மூன்றாவது முறை கேட்க எந்தப் பிள்ளைக்கும் நா எழாது. காணொளி எத்தனை முறை கேட்டாலும் முகம் சுளிக்காது. தாமதமாகப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு உலகம் இதுவரை செய்துதராத மரியாதை இது.

இன்னொன்றும் உண்டு. இந்தப் பாடம் சாதி கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. துரோணர் ஏகலைவனைத் திருப்பி அனுப்பியதுபோல வாசலிலேயே மறுக்கும் ஆசிரியர்கள் வாழ்ந்த நாட்டில் இதைச் சிறிய விஷயமாக நான் நினைக்க மாட்டேன். மறுக்கப்பட்டவர்களின் நான்காம் தலைமுறைப் பெண், உலகத்தின் மிகச் சிறந்த பேராசிரியர் ஒருவரின் முதல் வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். காட்டும் உபகாரம் இவ்வளவு தூரம் பரவியது அறத்தின் பக்கத்தில் நிகழ்ந்த ஒரு முன்னேற்றம்.

ஆனால் காட்டியதெல்லாம் காணப்பட்டதா? எம்.ஐ.டி.யின் அந்த மின்சுற்றுப் பாடத்தில் சுமார் 1,55,000 பேர் சேர்ந்தார்கள். தேறிச் சான்றிதழ் பெற்றவர்கள் சுமார் 7,000 பேர். நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. தொடக்க காலத் தடுமாற்றம், போகப்போகச் சரியாகிவிடும் என்று அப்போது சொன்னார்கள். எட்எக்ஸில் ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய பாடங்களின் ஆறு ஆண்டுப் பதிவுகளை ஜஸ்டின் ரைக்கும் ஹோசே ருயிபெரேஸ் வாலியென்டேயும் அலசி 2019இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். பதிவு செய்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பாடத்துக்குள் நுழையவே இல்லை. முடிப்பவர்களின் விகிதம் ஆண்டுகள் கடந்தும் உயரவில்லை.

பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் இதற்கு முன்பே, 2015இல், ஜான் ஹேன்சனோடு சேர்ந்து ரைக் அதே இதழில் எழுதிய கட்டுரையைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து இந்தப் பாடங்களில் சேர்ந்தவர்களைப் பற்றிய ஆய்வு அது. பதின்பருவத்தினரில், பெற்றோரில் ஒருவராவது பட்டம் பெற்றிருந்தால் அந்தப் பிள்ளை பாடத்தை முடிக்கும் வாய்ப்பு தெளிவாகவே கூடுதலாக இருந்தது. பாடம் ஒன்றுதான். விலையும் ஒன்றுதான்; யாருக்கும் கட்டணம் இல்லை. பிறகு எங்கிருந்து வந்தது அந்த வேறுபாடு?

இந்த இடத்தில் எனக்குச் சிவஞானபோதத்தின் எட்டாம் சூத்திரம் நினைவுக்கு வருகிறது. ஓர் அரசகுமாரன் சிறு வயதிலேயே வேடர்களிடம் அகப்பட்டு அவர்களோடு வளர்கிறான். தான் யார் என்று அவனுக்குத் தெரியாது. அவனைப் பெற்ற மன்னன் ஒருநாள் வந்து, நீ இவர்களைச் சேர்ந்தவன் அல்ல, என் மகன் என்று உணர்த்தி அழைத்துப் போகிறான். ஐம்புலன்களை வேடர்களாகவும் உயிரை அரசகுமாரனாகவும் வைத்துச் சொன்ன உவமை இது. குருவின் முதல் வேலை செய்தி சொல்வது இல்லை. நீ யார், இந்தச் செல்வத்தில் உனக்கு என்ன உரிமை என்பதைச் சொல்வதுதான்.

பட்டம் பெற்ற தாயோ தந்தையோ இருக்கும் வீட்டில், இயற்பியல் உன்னுடையது என்பதை யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சாப்பிடும்போது, சண்டை போடும்போது, உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் அண்ணன் எங்கே படிக்கிறான் என்று விசாரிக்கும்போது, அது பிள்ளையின் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. என் மாணவியரில் பலருக்கு அப்படி எதுவும் விழுவதில்லை. அவர்கள் காணொளியைத் திறந்ததும் ஆங்கிலத்திலோ அழகான தமிழிலோ ஒருவர் பேசுகிறார். அவர் வேறு யாருக்கோ பேசுகிறார் என்றுதான் இவர்களுக்குத் தோன்றுகிறது. கதவு திறந்திருப்பது தெரிகிறது. உள்ளே போகத் தனக்கு உரிமை உண்டு என்பது தெரியவில்லை. அதை முகத்தைப் பார்த்து, பெயரைச் சொல்லி, ஒருவர் சொன்னால்தான் ஒரு பிள்ளை நம்பும்.

சித்தாந்தம் உயிர்களை மூன்று வகையாகப் பிரிப்பதும் இங்கே பொருந்துகிறது. விஞ்ஞானகலர் என்போருக்கு இறைவன் உள்ளே இருந்தே உணர்த்துகிறான். பிரளயாகலருக்குத் தன் தெய்வத் திருமேனியோடு முன்னே தோன்றி உணர்த்துகிறான். நம்மைப் போன்ற சகலருக்கு அந்த இரண்டு வழியும் போதாது. நம்மைப் போல உண்டு, உறங்கி, களைத்துப் போகிற மனித வடிவில் குருவாக வந்துதான் அவன் உணர்த்த வேண்டியிருக்கிறது. இதில் இழிவு ஏதும் இல்லை. அவரவர் நிலைக்கு ஏற்ற வழி. எல்லாப் பிள்ளைகளுக்கும் இணைப்பை அனுப்பிவிட்டு, கற்க விரும்புகிறவர் கற்றுக்கொள்ளட்டும் என்று சொல்லும்போது, உலகத்துப் பிள்ளைகள் எல்லோரையும் விஞ்ஞானகலர் என்று வைத்துக்கொள்கிறோம்.

அப்படிப்பட்டவர் எங்கள் ஊரிலேயே ஒருவர் இருந்தாரே என்று கேட்பார்கள். சாரங்கபாணி சன்னிதித் தெருவில் வளர்ந்த ராமானுஜன். 1903ஆம் ஆண்டு, பதினைந்து பதினாறு வயதில், ஜி.எஸ். கார் தொகுத்த கணிதச் சுருக்க நூல் அவர் கைக்குக் கிடைத்தது. கேம்பிரிட்ஜ் தேர்வுக்கு மாணவர்களைத் தயார்செய்த தனிப்பயிற்சி ஆசிரியர் ஒருவரின் தொகுப்பு அது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள் வரிசையாக இருக்கும். நிறுவல்கள் இருக்காது, இருந்தாலும் ஓரிரு வரிதான். அந்தக் காலத்தின் திறந்த பாடம் என்று அதைச் சொல்லலாம். எங்கோ கடலுக்கு அப்பால் யாருக்கோ தயாரித்தது, கும்பகோணத்தில் ஒரு பையனுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் அதைப் பிடித்துக்கொண்டு தனியாகவே ஏறினார். நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரங்களைக் காட்டியதாகச் சொல்லிவந்தவர் அவர். உள்ளிருந்தே உணர்த்தப்பட்டவர் என்று நம் காலத்தில் ஒருவரைச் சொல்லலாம் என்றால் அவரைத்தான் சொல்ல வேண்டும்.

அந்த ராமானுஜனுக்கும் தனிமை போதவில்லை. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியிலிருந்து எழுதிய எஃப்.ஏ. என்னும் கல்லூரித் தேர்விலும் தேறவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராகச் சேர்ந்தபோது, அங்கே நாராயண ஐயர் என்ற மேலதிகாரி வாய்த்தார்; அவரும் கணிதம் படித்தவர். இரவு நேரங்களில் இருவரும் சிலேட்டும் கையுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். ராமானுஜன் தாவிக் கடக்கும் படிகளை, பிறருக்குப் புரியும்படி இடையிடையே எழுதச் சொன்னவர் நாராயண ஐயர். 1913 ஜனவரியில் ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதற்கு முன் அவர் அணுகிய கேம்பிரிட்ஜ் கணித அறிஞர்களிடமிருந்து உதவி கிடைக்கவில்லை. ஹார்டி படித்தார், தம் சக அறிஞர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து படித்தார், பதில் எழுதினார். ராமானுஜன் தம் அடுத்த கடிதத்தில், தம் உழைப்பைப் பரிவோடு பார்க்கும் ஒரு நண்பரைக் கண்டுகொண்டதாக எழுதினார். உதவித்தொகை வேண்டித் தவித்த ஒருவர், எல்லாவற்றுக்கும் முன்பாக இதற்கு நன்றி சொல்கிறார் என்பதை நான் மறப்பதே இல்லை. காரின் நூல் அவருக்குக் காட்டியது. அவரோடு சேர்ந்து காண நாராயண ஐயரும் ஹார்டியும் வேண்டியிருந்தார்கள்.

எம்.ஐ.டி.யின் மின்சுற்றுப் பாடத்திலும் இப்படி ஒரு கதை உண்டு. அந்தப் பாடத்தில் முழு மதிப்பெண் பெற்றவர்கள் 340 பேர். அவர்களில் ஒருவர் மங்கோலியாவின் உலான்பாட்டரைச் சேர்ந்த பத்துஷிக் என்னும் 15 வயதுப் பள்ளி மாணவர். இணையம் இருந்தால் போதும், மேதை எங்கிருந்தாலும் வெளியே வருவான் என்பதற்குச் சான்றாக உலகப் பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின. கதையின் மற்றப் பகுதி அவ்வளவாகப் பேசப்படவில்லை. அவருடைய பள்ளி முதல்வர் எம்.ஐ.டி.யில் படித்துத் திரும்பியவர். அவர்தான் அந்தப் பாடத்தைப் பள்ளிக்குள் கொண்டுவந்தார். ஸ்டான்ஃபோர்டிலிருந்து ஓர் இளைஞர் மின்னணுக் கருவிகளைப் பெட்டி பெட்டியாகச் சுமந்துகொண்டு வந்து, வாரக்கணக்கில் தங்கி, பிள்ளைகளோடு ஆய்வகப் பயிற்சி நடத்தினார். பத்துஷிக்கும் தான் கற்றதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. வகுப்புத் தோழர்களுக்காக மங்கோலிய மொழியில் விளக்கக் காணொளிகள் செய்து வெளியிட்டார். பாடம் வெற்றி பெற்ற இடத்தைக் கூர்ந்து பார்த்தால் அதைச் சுற்றி மனிதர்கள் நின்றிருக்கிறார்கள்.

மனிதர்கள் குறைவாக நின்ற இடத்தில் என்ன நடந்தது என்பதற்கும் சான்று உண்டு. 2013இல் கலிபோர்னியாவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம் யூடாசிட்டி நிறுவனத்தோடு சேர்ந்து தொடக்கநிலைக் கணிதம், இயற்கணிதம், புள்ளியியல் ஆகியவற்றை இணையவழி நடத்தியது. சேர்ந்தவர்களில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களும், கணிதத்தில் ஏற்கெனவே பின்தங்கியவர்களும் இருந்தார்கள். நேரடி வகுப்பில் தேறியவர்களைவிட இதில் தேறியவர்கள் மிகவும் குறைவு. சில மாதங்களிலேயே அந்தத் திட்டத்தை நிறுத்திவைத்தார்கள். அதற்குள் தொடங்கியிருந்த அதே ஆண்டுக் கோடைப்பருவ வகுப்பில் முடிவுகள் உயர்ந்தன. ஆனால் அப்போது சேர்ந்தவர்களில் பலர் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள். கற்கத் தெரிந்தவருக்கு அது உதவியது. யாருக்காக அதைத் திறந்தார்களோ அவர்களைத்தான் அது கைவிட்டது.

என் ஆய்வகத்தில் நடந்ததைச் சொன்னால் இது இன்னும் விளங்கும். பன்னிரண்டாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடத்தைத் தன் அண்ணனின் கைப்பேசியில் முன்கூட்டியே படித்துவிட்டு வந்தாள் ஒரு மாணவி. அப்பா பாத்திரப் பட்டறையில் வேலை செய்கிறவர். அந்தப் பகுதிக்கான இணையத் தேர்வில் எல்லாக் கேள்விகளுக்கும் சரியாக விடையளித்திருந்தாள். ஓமின் விதியைக் கேட்டால் மூச்சு விடாமல் சொல்வாள். மேசையில் ஒரு மின்கலம், தொடரிணைப்பில் இரண்டு பல்புகள். "ரெண்டாவது பல்புக்குக் கரண்ட் எவ்வளவு வரும்?" என்று கேட்டேன். "கொஞ்சம் கம்மியாத்தான் மிஸ் வரும். முதல் பல்பு எரியறதுக்குக் கொஞ்சம் எடுத்துக்கும்ல?"

சூத்திரத்தைச் சரியாகச் சொல்லும் அதே பிள்ளை, மின்னோட்டம் வழியில் செலவாகிவிடும் என்று உள்ளே நம்பிக்கொண்டிருக்கிறாள். இணையத் தேர்வின் எந்தக் கேள்வியும் அந்த நம்பிக்கையைத் தொடவில்லை. அவள் நின்ற இடத்திலிருந்து நானும் அந்தப் பல்புகளைப் பார்த்தேன். அப்படிப் பார்த்தால் அவள் சொல்வதில் நியாயம் இருந்தது. எரிந்தால் ஏதோ செலவாகத்தானே வேண்டும்? "அப்படியா? எங்கே, அம்மீட்டரை நீயே வைச்சுப் பாரும்மா" என்றேன். முதல் பல்புக்கு முன்னால் வைத்தாள். இரண்டுக்கும் நடுவில் வைத்தாள். இரண்டாவதற்குப் பின்னால் வைத்தாள். மூன்று இடத்திலும் முள் ஒரே இடத்தில் நின்றது. இணைப்பைக் கழற்றித் துடைத்து மறுபடி முடுக்கினாள்; அப்போதும் அதே அளவு. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்போ எதுதான் மிஸ் குறையுது?" என்று கேட்டாள்.

மின்னழுத்த வேறுபாட்டைப் பற்றி அவள் ஏற்கெனவே ஒரு காணொளி முழுக்கப் பார்த்திருந்தாள். ஆனால் அந்தக் கேள்வி அவளுக்குள் பிறந்தது அப்போதுதான். இனி அந்தக் காணொளியை அவள் மறுபடி பார்த்தால் அது வேறு பாடமாக இருக்கும். பார்த்தாள்; இருந்தது. பதிவு செய்த பாடத்தின் மேல் எனக்குப் பகை இல்லை என்பதை இதற்காகவே அழுத்திச் சொல்கிறேன். இடறிய இடத்தை யாரோ ஒருவர் அவளோடு சேர்ந்து கண்ட பிறகு, அந்தப் பாடத்தின் முழுப் பயனும் அவளுக்குக் கிடைத்தது.

இதற்கு இரண்டு மறுப்புகள் உண்டு. இரண்டும் வலுவானவை. முதலாவது: அறுபது பேர் அடைந்து கிடக்கும் வகுப்பில் எந்த ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையோடும் கூடி நின்று காண்கிறார்? கரும்பலகையைப் பார்த்துப் பேசிவிட்டு மணி அடித்ததும் போகிறவர்தானே அதிகம்? உண்மைதான். நேரில் இருப்பதாலேயே காணும் உபகாரம் நடந்துவிடாது. முகத்தைப் பாராமல் நடத்தும் பாடத்துக்கும் காணொளிக்கும் வேறுபாடு இல்லை. காணொளியாவது திரும்ப ஓடும். அதனால்தான் இணையப் பாடத்தை எங்களுக்குக் கிடைத்த விடுதலையாக எண்ணுகிறேன். வரையறையையும் வருவித்தலையும் அது சொல்லட்டும். கரும்பலகை நேரத்தை அதனிடம் கொடுத்துவிட்டு, மேசை மேசையாகப் போய் யார் எங்கே நிற்கிறாள் என்று பார்க்கும் வேலையை நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

இரண்டாவது மறுப்பு புதியது. இப்போது இயந்திரமே கேள்வி கேட்கிறது, பிள்ளை செய்யும் தவற்றைக் கண்டுபிடிக்கிறது. 2023இல் கான் அகாடமி தன் செயற்கை நுண்ணறிவுத் துணைவனை வெளியிட்டது. என் மாணவியின் தவற்றை அதுவும் கண்டுபிடித்திருக்கும் அல்லவா? கண்டுபிடித்திருக்கக் கூடும். அதனால் இன்னும் எத்தனையோ பிள்ளைகளுக்கு நன்மை விளையும், விளையட்டும். ஆனால் காணும் உபகாரம் என்பது தவற்றைச் சுட்டுவதோடு முடிவதில்லை. உடனாக நிற்கிறவருக்கு அந்தப் பிள்ளை மேல் ஒரு கடமை இருக்கிறது. நாளைக்கு அவள் வராவிட்டால் வீட்டுக்கு ஆள் அனுப்புவார். பதினேழு வயதில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் அவள் அப்பாவைப் போய்ப் பார்த்துப் பேசுவார். அவள் தோற்றால் அவருக்கும் அது தோல்வி. அவளும் அதை அறிந்திருக்கிறாள். அந்த அறிவுதான் அவளைப் படிக்கவைக்கிறது. ஒருவரிடம் நாம் கற்கும்போது, நம்மால் மகிழவும் வருந்தவும் கூடிய ஓர் உயிரின் முன்னால் கற்கிறோம். சித்தாந்தம் குருவை மனித வடிவில் வைத்ததன் நியாயம் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

உடனிருந்து காண்பவர் ஆசிரியராகத்தான் இருக்க வேண்டுமா? நன்னூலின் பொதுப்பாயிரம் இதற்கு வழி சொல்கிறது. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் மாணவருக்குக் கல்வியில் கால் பங்குதான் கைவரும். உடன் படிப்பவரோடு பயில்வதில் இன்னொரு கால் பங்கு. மீதி அரைப் பங்கு பிறருக்கு எடுத்துச் சொல்வதில் வரும் என்பது பவணந்தியாரின் கணக்கு. உலகத்தின் தலைசிறந்த விரிவுரையும் இந்தக் கணக்கில் கால் பங்குதான். பத்துஷிக் தோழர்களுக்காகக் காணொளி செய்தபோதும், ராமானுஜன் நாராயண ஐயருக்காக இடைப்படிகளை எழுதியபோதும், அந்த அரைப் பங்கைத்தான் ஈட்டிக்கொண்டார்கள்.

அதனால் எங்கள் பள்ளியில் பிள்ளைகள் இணையப் பாடத்தைத் தனியாகப் பார்ப்பதில்லை. உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஒரு திரைக்கு நான்கு பேராக உட்காருகிறார்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒருத்தி காணொளியை நிறுத்த வேண்டும்; பக்கத்தில் இருப்பவள் அதுவரை கேட்டதைத் தன் சொந்தத் தமிழில் சொல்ல வேண்டும்; மற்ற இருவரும் மறுக்கலாம். இரண்டு மடங்கு நேரம் ஆகிறது. பாதிப் பாடம்தான் முடிகிறது. அந்தப் பாதி நிற்கிறது.

வீட்டுக்கும் ஒரு வேலை கொடுக்கிறேன். என் மாணவியரின் தாய்மார் பலர் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள். பூக் கட்டுகிறார்கள், கடைகளில் நிற்கிறார்கள். "எனக்கு என்ன டீச்சர் தெரியும்?" என்று ஒதுங்குவார்கள். "உங்களுக்குத் தெரிய வேண்டாம். பூக் கட்டிக்கிட்டே கேளுங்க. புரியலைன்னா புரியலைன்னு சொல்லுங்க" என்பேன். அம்மீட்டர் வைத்த அந்தப் பெண்ணின் அம்மா, மகள் சொன்னதைக் கேட்டுவிட்டு, "கரண்ட் செலவே ஆகலைன்னா நாம எதுக்கு பில் கட்டுறோம்?" என்று கேட்டாராம். மகளுக்கு இரண்டு நாள் விடை தெரியவில்லை. அந்த இரண்டு நாளில் அவள் ஆற்றலைப் பற்றியும் திறனைப் பற்றியும் படித்தது, நான் ஒரு வாரம் நடத்தினாலும் கிடைத்திருக்காது. படிக்காத தாய், மகளோடு சேர்ந்து கண்டார். பட்டம் பெற்ற பெற்றோரின் பிள்ளைக்கு வாய்க்கும் உதவியில் ஒரு பகுதியை, பட்டம் இல்லாமலேயே கொடுக்க முடியும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அரசுக்கும் இது தெரியாததில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபின் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் பாடங்கள் இடைவிடாமல் போய்க்கொண்டிருந்தன. ஆனாலும் இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்று வந்தபோது, 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கியது 'இல்லம் தேடிக் கல்வி'. தன்னார்வலர்கள் மாலை வேளையில் தெருப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த திட்டம் அது. காட்டிய பிறகும் குறை இருந்தது. அதைத் தீர்க்க ஆட்களை அனுப்ப வேண்டியிருந்தது.

ஆகவே நான் வேண்டுவது இவ்வளவே. திறந்த பாடங்கள் பெருகட்டும். நல்ல தமிழில், நம் பிள்ளைகளின் ஆய்வகத்தில் இருக்கும் கருவிகளை வைத்தே எடுக்கப்பட்டுப் பெருகட்டும். ஆனால் காலியாக இருக்கும் ஆசிரியர் பணியிடத்தை ஓர் இணைப்பால் நிரப்பிவிட்டதாக எந்த அலுவலகமும் கணக்கு எழுதக் கூடாது. ஒரு பாடத்தில் எத்தனை இலட்சம் பிள்ளைகள் பதிவு செய்தார்கள் என்று அறிவிக்கும்போது, அவர்கள் ஒவ்வொருவரோடும் உடனிருந்தவர் யார் என்றும் கேட்க வேண்டும். ஆசிரியரோ, அக்காவோ, தோழியோ, பூக் கட்டும் தாயோ, பெயர் சொல்லக்கூடிய ஒருவர். அப்படி ஒருவர் இல்லாத பிள்ளை பாடத்தைப் பாதியில் விட்டால், அவளுக்கு ஆர்வம் இல்லை என்று எழுதிவிடுவது அநியாயம். அவளுக்குச் சேர வேண்டியதில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு முழுவதையும் கொடுத்ததாகச் சொல்லியிருக்கிறோம். மீதியைக் கொடுக்க வேண்டியவர்கள் அவள் அருகில் இருக்கிற நாம்தான்.